கெந்திங் மலைக்கு கேபிள் கார்ல போறீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூர்ல இருக்கிற எங்க வீட்டுக்கு சென்னை, மதுரை, யாழ்ப்பாணம்னு எங்கிருந்து சொந்தக்காரங்க வந்தாலும், பத்துமலை பாத்து முடிச்ச உடனே கேக்குற அடுத்த இடம் கெந்திங் தான். அதுல பாதி கேள்வி கேபிள் கார் பத்தி வரும். வாட்ஸ்அப்ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி அனுப்பினதை எல்லாம் இங்க ஒண்ணா போட்டிருக்கேன். படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். கேபிள் காரை தீம் பார்க் ரைடு மாதிரி நினைச்சு "டைம் இருந்தா ஏறிக்கலாம்"னு கடைசில தள்ளிடாதீங்க, மலை மேல இருக்கிற அந்த ஊருக்கு ஏறிப் போற வழியே அதுதான், அதை வச்சுத்தான் அன்னிக்கு மத்த பிளானை போடணும்.

மலை உச்சி வரைக்கும் நல்ல ரோடு இருக்கே, அப்புறம் எதுக்கு கேபிள் கார்?

ரோடு இருக்கு, ஆனா அது வந்த கதையே பெருசு. லிம் கோ தோங்னு ஒருத்தர், சீனாவுல ஃபூஜியன் மாநிலத்துல பிறந்து இங்க வந்து கான்ட்ராக்டரா வளர்ந்தவர். 1964ல கேமரன் மலையில ஒரு நீர்மின் திட்டத்துல வேலை எடுத்து செஞ்சிட்டு இருந்தப்ப அந்த குளிரை அனுபவிச்சுட்டு, கோலாலம்பூருக்கு (சுருக்கமா கேஎல்) பக்கத்துலயே இப்படி ஒரு இடம் இருந்தா ஜனங்க இவ்ளோ தூரம் வரத் தேவையில்லையேன்னு யோசிச்சிருக்காரு. அப்படி தேடி பிடிச்சதுதான் பகாங்கும் சிலாங்கூரும் சேர்ற எல்லையில, தித்திவாங்சா மலைத்தொடர்ல இருக்கிற இந்த உச்சி. 1965ல வேலை ஆரம்பிச்சு காட்டுக்குள்ள ரோடு போட்டு மேல போய் சேரவே ஏறக்குறைய நாலு வருஷம் ஆச்சு, முதல் ஹோட்டல் திறந்தது 1971ல. இன்னிக்கு அங்க இருக்கிற ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல்ல மட்டும் 7,351 ரூம், உலகத்துலயே ரூம் எண்ணிக்கையில பெரிய ஹோட்டல்னு கின்னஸ்ல பேர் வாங்கினது. அவ்ளோ பேரும், அவங்களை கவனிக்கிற ஊழியர்களும், கடைக்கு வர்ற சாமானும் ஒரே மலை ரோட்டுல ஏறி இறங்கணும்னா எப்படி இருக்கும்னு நீங்களே நினைச்சு பாருங்க. லீவு நாள்ல அந்த வளைவுகள்ல வண்டி நகராம நிக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கு. சரிவு ரொம்ப ஜாஸ்தி. இறங்கும்போது பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா அது சூடாகி பிடிக்காம போயிடும், அதனால லோ கியர்ல மெதுவாத்தான் இறங்கணும். 2013 ஆகஸ்ட்ல மலையிலிருந்து இறங்கிட்டு இருந்த ஒரு பஸ் பள்ளத்துல விழுந்து 37 பேர் இறந்து போனாங்க, இந்த நாடு பாத்த மிக மோசமான ரோடு விபத்து அது. பயமுறுத்த சொல்லல, இந்த ரோட்டுக்கு பழக்கமில்லாதவங்க வாடகை கார் எடுத்துட்டு மேல வரைக்கும் ஓட்டணுமான்னு ஒரு தடவை யோசிக்கணும்னுதான் சொல்றேன். மலை ஏறுற வழியில, கேபிள் கார் கிளம்புற இடமான அவானாவுலயே காரை விட்டுட்டு கேபிள் கார்ல ஏறுறது எவ்வளவோ நிம்மதி.

ரெண்டு கேபிள் கார் இருக்குன்னு சொல்றாங்களே, எதுல ஏறணும்?

பழைய ப்ளாக் எல்லாம் படிச்சுட்டு வர்றவங்களுக்கு கண்டிப்பா இந்த குழப்பம் வரும். கெந்திங் ஸ்கைவேன்னு ஒண்ணு 1997ல வந்தது, கோத்தோங் ஜெயாங்கிற கீழ் ஊர்ல இருந்து மேல போகும், 3.38 கிமீ நீளம், அந்த காலத்துல தென்கிழக்கு ஆசியாவுலயே நீளமானதுன்னு பேரு. (கோத்தோங் ஜெயாங்கிற பேரே லிம் கோ தோங் பேர்ல வச்சதுதான்.) இப்போ எல்லாரும் ஏறுறது அது இல்ல, அவானா ஸ்கைவே. 2016 டிசம்பர்ல திறந்தாங்க, அவானா ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு நடுவுல சின் சுவீ கோயில் ஸ்டேஷன், மேல ஸ்கைஅவென்யூ மால் உள்ளயே போய் இறக்கி விடும். டாக்சிக்காரர் கிட்டயும் கிராப்லயும் (ஃபோன்ல கார் புக் பண்ற ஆப்) "அவானா ஸ்டேஷன்"னு தெளிவா சொல்லுங்க, வெறும் "கேபிள் கார்"னு சொல்லாதீங்க.

லங்காவி தீவுல இருக்கிற கேபிள் கார்?

அது வேற ஊர், வேற மலை. மச்சின்சாங் மலை மேல வியூ பாக்குறதுக்காக போட்டது. ரெண்டுத்துக்கும் டிக்கெட் ஆன்லைன்ல தேடும்போது மாத்தி வாங்கிடாதீங்க.

எவ்ளோ நேரம் ஆகும்? கியூ ரொம்ப நீளமா இருக்குமா?

அவானா ஸ்கைவே நீளம் 2.8 கிமீ, ஏறினதுல இருந்து இறங்குற வரைக்கும் சுமார் பத்து நிமிஷம். மொத்தம் 99 கேபின், ஒண்ணுல பத்து பேர் உக்காரலாம், ஒரு மணி நேரத்துக்கு 3,600 பேரை ஏத்த முடியும்னு கணக்கு.

அந்த நம்பரை கொஞ்சம் பிரிச்சு பாத்தா கியூ எப்படி நகரும்னு புரியும். 3,600 பேர், கேபினுக்கு பத்து பேர்னா மணிக்கு 360 கேபின், அதாவது பத்து செகண்டுக்கு ஒரு கேபின் உங்க முன்னாடி வந்து கதவை திறக்குது. அதனால கியூ வாசல் வரைக்கும் நீண்டிருந்தாலும் முகம் சுளிக்க வேண்டாம், நகர்ந்துட்டே இருக்கும். ஆனா நிஜத்துல எல்லா கேபினும் பத்து பேரோட போறதில்ல, நாலு பேர் குடும்பம் "நாங்க மட்டும் தனியா"ன்னு ஏறும், பேபி ஸ்ட்ரோலர் ஒரு இடத்தை பிடிச்சுக்கும். ஸ்கூல் லீவு, சீனப் புத்தாண்டு, டிசம்பர் கடைசி, நம்ம தீபாவளி வாரக்கடைசி எல்லாம் நல்ல கூட்டம். அந்த நாள்ல காலைல சீக்கிரம் போயிடுங்க. சாயங்காலம் இறங்குறவங்க கியூ இன்னும் மோசமா இருக்கும், ஏன்னா ஏறுறவங்க நாள் முழுக்க பரவி வருவாங்க, இறங்குறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்க.

கேபின் நிக்காமயே ஏறணுமாமே, வயசானவங்க எப்படி ஏறுவாங்க?

இது எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி, ஏன்னா ஸ்டேஷன்ல நின்னு கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்தீங்கன்னா அந்த மெஷின் செய்யுற வேலை அவ்ளோ அழகு. ஒவ்வொரு கேபின் தலைக்கு மேலயும் கம்பியை கவ்விப் பிடிக்கிற ஒரு பிடி இருக்கு, துணி காயப்போடுற கிளிப் மாதிரி ஸ்பிரிங் வச்சது, சும்மா விட்டா இறுக்கி பிடிச்சுக்கிற வேலைதான் அதோடது, திறக்கணும்னாதான் யாராவது அழுத்தணும். கேபின் ஸ்டேஷனுக்குள்ள நுழையும்போது ஒரு தண்டவாளம் அந்த பிடியை அழுத்தி திறக்க வைக்கும், கேபின் கம்பியை விட்டுடும். கம்பி பாட்டுக்கு அதே வேகத்துல ஓடிட்டே இருக்கும். விட்ட கேபினை மேல வரிசையா சுத்திட்டு இருக்கிற சின்னச் சின்ன ரப்பர் டயர்கள் பிடிச்சு, ஒவ்வொரு டயரும் முந்தினதை விட கொஞ்சம் மெதுவா சுத்தி, நடக்கிற வேகத்துக்கும் கீழ கொண்டு வந்துடும். அந்த நேரத்துலதான் கதவு திறக்கும், நீங்க ஏறுவீங்க. அப்புறம் அதே டயர் வரிசை வேகத்தை ஏத்திட்டே போய், கம்பியோட வேகத்துக்கு சமமானதும் பிடி மூடி மறுபடியும் கவ்விக்கும். அந்த இடத்துல "டக்"னு ஒரு சத்தமும் லேசான தள்ளலும் வரும், அது நல்ல சத்தம், பயப்படாதீங்க.

வெளிய போனதும் செகண்டுக்கு ஆறு மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 21 கிமீக்கு கொஞ்சம் மேல.

வயசானவங்க விஷயத்துக்கு வர்றேன். கேபின் தரையும் பிளாட்ஃபார்ம் தரையும் ஒரே மட்டத்துல இருக்கும், படி கிடையாது. கை பிடிச்சு ஏத்தி விட ஆள் நிப்பாங்க. மூட்டு வலி இருக்கிற அம்மா அப்பாவை கூட்டிட்டு போனா முன்கூட்டியே அந்த ஊழியர் கிட்ட சொல்லிடுங்க, கை காட்டினாலே புரிஞ்சுக்குவாங்க, வேகத்தை இன்னும் குறைப்பாங்க, தேவைப்பட்டா நிறுத்தியே ஏத்துவாங்க. வீல்சேர்னாலும் இதே மாதிரிதான். வெக்கப்பட்டு சொல்லாம அவசரமா ஏறப் போறதுதான் தப்பு. புடவைக்காரங்க முந்தானையை இடுப்புல சொருகிக்கோங்க, கதவு தானா மூடும்.

ஒரே ஒரு கம்பியில தொங்குதே, அறுந்துட்டா?

எங்க பெரியம்மா இதைக் கேட்டுட்டு பதில் வர்ற வரைக்கும் ஏற மாட்டேன்னு நின்னாங்க, அதனால ஒழுங்கா பதில் சொல்லணும்.

அது ஒரு கம்பின்னு சொல்றோமே தவிர, நிறைய எஃகு கம்பிகளை முறுக்கி, அந்த முறுக்குகளை மறுபடி ஒண்ணா முறுக்கி செஞ்ச வடம். ரெண்டு முனையையும் நட்டு போல்ட் போட்டு இணைக்கல, பல மீட்டர் நீளத்துக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணா பின்னி முடிவே இல்லாத வளையமா ஆக்கியிருப்பாங்க. நாம ஏத்துற எடையை விட பல மடங்கு தாங்குற மாதிரிதான் வடத்தை தேர்ந்தெடுப்பாங்க. மேல கீழ ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம், அதுல ஒண்ணை மோட்டார் சுத்தி வடத்தை ஓட்டும், வடம் தொய்யாம ஒரே இறுக்கத்துல வச்சுக்க தனி ஏற்பாடு இருக்கும். வடத்துக்குள்ள ஏதாவது இழை அறுந்திருக்கான்னு காந்தம் வச்சு ஸ்கேன் பண்ணி பாக்குற முறையும் இந்தத் தொழில்ல உண்டு. இதை கட்டினது டோப்பல்மயர்னு ஆஸ்திரியா கம்பெனி, உலகம் பூரா பனிச்சறுக்கு மலைகள்ல இவங்க போட்டதுதான் ஓடிட்டு இருக்கு.

விபத்தே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். உலகத்துல நடந்திருக்கு. நம்ம பழனியில 2007 ஆகஸ்ட்ல ரோப் கார் விபத்துல நாலு பேர் இறந்தாங்க. ஜார்க்கண்ட்ல திரிகூட் மலையில 2022 ஏப்ரல்ல ராம நவமி அன்னிக்கு கேபின்கள் அந்தரத்துல மாட்டி, ஹெலிகாப்டர்ல கயிறு விட்டு ஆளுங்களை மீட்டாங்க, மூணு பேரை காப்பாத்த முடியல. இத்தாலில மொத்தரோனே மலையில 2021 மே மாசம் இழுக்கிற கம்பி அறுந்து 14 பேர் போயிட்டாங்க. அந்த மூணாவதுதான் என் மனசை விட்டு போகவே மாட்டேங்குது, ஏன்னா கம்பி அறுந்தாலும் கேபினை பிடிச்சு நிறுத்துற எமர்ஜென்சி பிரேக் அதுல இருந்தது, ஆனா பிரேக் அடிக்கடி தானா விழுந்து சர்வீஸ் தடைபடுதுன்னு அதை விழாதபடி முட்டு கொடுத்து வச்சிருந்தாங்க. அது வேற வகை கேபிள் கார், தாங்குற கம்பி தனி, இழுக்கிற கம்பி தனி, இங்க ரெண்டையும் ஒரே வடம் செய்யுது, அதனால அப்படியே பொருத்திப் பாக்க முடியாது. ஆனா பாடம் ஒண்ணுதான், நிறுத்த வேண்டிய நேரத்துல நிறுத்தணும். அதனால "இன்னிக்கு மெயின்டனன்ஸ், சர்வீஸ் இல்ல"ன்னு போர்டு பாத்தா தயவுசெஞ்சு கவுன்டர்ல இருக்கிற பொண்ணு கிட்ட சண்டை போடாதீங்க. நிறுத்தி பாக்குற இடத்துல ஏறத்தான் எனக்கு தைரியம் வருது.

நடுவழியில நின்னுடுச்சுன்னா என்ன பண்றது?

ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் நிக்கிறது சாதாரணம். பெரும்பாலும் ஸ்டேஷன்ல யாரோ வீல்சேர்ல ஏறுறாங்க, இல்ல கதவு சரியா மூடலைன்னு இருக்கும். ஒரே வடத்துல தொங்குறதால ஒரு இடத்துல நிறுத்தினா அதுல இருக்கிற எல்லா கேபினும் நிக்கும். கேபின் லேசா ஆடும், தானா அடங்கிடும். எழுந்து நிக்காதீங்க, பசங்களை ஆட விடாதீங்க. கரண்ட் போனா? இந்த மாதிரி சிஸ்டத்துல மெயின் மோட்டார் போனாலும் டீசல் எஞ்சின் வச்சு மெதுவா வடத்தை சுத்தி எல்லாரையும் ஸ்டேஷனுக்கு கொண்டு வந்துடுவாங்க. ஏறுறதுக்கு முன்னாடி டாய்லெட் போயிட்டு வாங்க, குறிப்பா சுகர் இருக்கிறவங்களும் குழந்தைங்களும். இது சின்ன விஷயம்னு தோணும், ஆனா நின்ன நேரத்துல இதுதான் பெரிய விஷயமாயிடும்.

மழையில ஓடுமா?

மழைக்கு ஓடும். காத்துக்கும் இடி மின்னலுக்கும்தான் நிறுத்துவாங்க. கேபின் ஓரளவுக்கு மேல ஆடினா தூண் கிட்ட வரும்போது ஆபத்து, அதனால காத்து வேகத்தை அளந்துட்டே இருப்பாங்க, அளவு தாண்டினா வேகத்தை குறைப்பாங்க, இல்ல மொத்தமா நிறுத்துவாங்க. இங்க மதியத்துக்கு மேல இடியோட மழை பிடிக்கிறது வருஷம் பூரா சகஜம். அக்டோபர், நவம்பர்ல இன்னும் ஜாஸ்தி.

கேபிள் கார் நின்னா மேல இருக்கிறவங்களை பஸ்ல இறக்குறது மட்டும்தான் வழி, அப்போ பஸ்ஸுக்கு அடிக்கிற கியூவுல ரெண்டு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்ல. மழை, மலைச்சரிவு ரெண்டையும் இந்தப் பக்கம் யாரும் லேசா எடுத்துக்க மாட்டாங்க. 2022 டிசம்பர்ல கோத்தோங் ஜெயாவுக்கு பக்கத்துல பத்தாங்காலி ரோட்டோரம் இருந்த ஒரு கேம்ப் சைட்ல மண் சரிஞ்சு 31 பேர் இறந்தாங்க, ராத்திரி தூங்கிட்டு இருந்த குடும்பங்கள். அதனால அதிகாரிங்க ரோட்டை மூடினா மூடினதுதான், குறுக்கு வழி தேடாதீங்க.

எந்த நேரத்துல போனா நல்லா பாக்கலாம்?

காலைல. என் ஓட்டு எப்பவும் காலைலதான். எட்டு மணி ஒன்பது மணிக்கு மலைக்காடு அப்படியே தெளிவா கீழ விரியும், பெரணி மரம், உயரமான மரங்களோட தலை, சில நாள் குரங்கு கூட்டம் கிளையை உலுக்குறது எல்லாம் மேல இருந்தே தெரியும். மதியம் மேகம் ஏறி வந்துடும், அப்புறம் கண்ணாடிக்கு வெளிய வெள்ளை சுவர்தான். அதுவும் தனி அனுபவம், முன்னாடி போற கேபின் அப்படியே மேகத்துக்குள்ள கரைஞ்சு போறதை பாக்கலாம், தூண் வந்தா மட்டும் "கடகட"ன்னு உருளை மேல ஏறுற சத்தம் கேக்கும். ஆனா தூரத்துல இருந்து ஒரே ஒரு தடவை வர்றவங்க காட்டை பாக்காம போனா எனக்கே மனசு கேக்காது. பல பேர் காலைல கேஎல்ல ஷாப்பிங் முடிச்சுட்டு மூணு மணிக்கு மலை ஏறுறாங்க. மாத்திப் போடுங்க.

மேல சுமார் 6,000 அடி உயரம். கேஎல்ல வேர்த்து ஊத்துற நாள்ல கூட அங்க ராத்திரி பதினஞ்சு பதினாறு டிகிரிக்கு இறங்கும். ஒரு ஸ்வெட்டர் பையில இருக்கட்டும்.

கண்ணாடி தரை கேபின் எடுக்கலாமா?

99ல பத்து கேபின் தான் அப்படி, டிக்கெட் பல மடங்கு விலை, கியூ தனி. தெளிவான காலைன்னா காசுக்கு மதிப்பு. மேகம் மூடியிருந்தா காலடியிலயும் அதே வெள்ளைதான் தெரியும், அதனால முன்கூட்டியே ஆன்லைன்ல வாங்காம ஸ்டேஷனுக்கு வந்து மேல அண்ணாந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உயரம்னா பயப்படுறவங்க வேண்டவே வேண்டாம், அவங்க சாதாரண கேபின்ல மலைச்சரிவைப் பாக்குற மாதிரி உக்காந்து தூரத்துல ஒரு இடத்தை பாத்துட்டு வந்தா போதும்.

காது அடைக்குமா? குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?

பத்து நிமிஷத்துல ரெண்டாயிரம் அடிக்கு மேல ஏறுறதால லேசா அடைக்கும். மிட்டாய் சப்பினா, எச்சில் விழுங்கினா சரியாயிடும். கைக்குழந்தைக்கு அந்த நேரம் பார்த்து பால் குடுங்க. ஜலதோஷம் நல்லா பிடிச்சிருக்கிறவங்களுக்கு வலிக்கும், அது மட்டும் கவனம்.

சின் சுவீ ஸ்டேஷன்ல இறங்கணுமா? நாம இந்துக்கள், அங்க நமக்கு என்ன இருக்கு?

கண்டிப்பா இறங்குங்க. பாதிப் பேர் நேரா மேல போயிடுறாங்க, எனக்கு அது பெரிய வருத்தம். அதே டிக்கெட்ல இறங்கி பாத்துட்டு மறுபடி ஏறிக்கலாம், தனியா காசு இல்ல.

சின் சுவீங்கிறவர் சீனாவுல சோங் வம்ச காலத்துல வாழ்ந்த துறவி. வறட்சி வந்தப்ப மழை வரவழைச்சவர்னு ஃபூஜியன் மக்கள் கும்பிடுறாங்க. லிம் கோ தோங் பிறந்த அன்ஷி ஊர்லதான் அவரோட மூலக் கோயில். சொந்த ஊர் சாமிக்கு, தான் உருவாக்கின மலையில ஒரு இடம்னு அவரே நிலம் குடுத்து கட்ட வச்சாரு. நெட்டுக்குத்தான பாறைச் சரிவு, மெஷின் கொண்டு போறதே கஷ்டம், 1976ல ஆரம்பிச்ச வேலை முடிஞ்சு முறையா திறந்தது 1994ல. நம்ம ஊர்ல இருந்து வந்து, கிராமத்து மாரியம்மனையும் முனீஸ்வரரையும் தோட்டத்துல வச்சு கும்பிட்ட ஜனங்களோட பிள்ளைங்க நாங்க, அதனால அந்த மனசு எங்களுக்கு நல்லாவே புரியும்.

ஸ்டேஷன்ல இருந்து கோயிலுக்கு எஸ்கலேட்டர் இருக்கு. ஒன்பது அடுக்கு பகோடா, 15 மீட்டர் உயரத்துல உக்காந்திருக்கிற புத்தர் சிலை, அப்புறம் மலை விளிம்புல ஒரு பெரிய முற்றம். கடல் மட்டத்துல இருந்து சுமார் 4,600 அடி. ஊதுபத்தி வாசனையும் குளிர் காத்தும் சேர்ந்து வரும், மேல இருக்கிற மால் சத்தம் ஒண்ணும் இங்க கேக்காது, அந்த முற்றத்துல கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. நரகத்துல என்னென்ன தண்டனைன்னு காட்டுற பத்து அறைகள் சிலை சிலையா வச்சிருப்பாங்க, நம்ம ஊர் கருட புராணக் கதை கேட்டு வளர்ந்தவங்களுக்கு புதுசா இருக்காது, ஆனா சின்ன பசங்க ராத்திரி பயப்படுவாங்க, பாத்து கூட்டிட்டு போங்க.

கேஎல்ல இருந்து அவானா ஸ்டேஷனுக்கு எப்படி போறது?

கேஎல் சென்ட்ரல்ல இருந்தும் டிபிஎஸ் பஸ் ஸ்டாண்ட்ல இருந்தும் நேரடி பஸ் அவானா டெர்மினலுக்கே போகும், சுமார் ஒரு மணி நேரம், ஜாம் இருந்தா அதுக்கு மேலயும் ஆகும். பஸ்ல இருந்து இறங்கி கட்டிடத்துக்குள்ளயே மேல ஏறினா கேபிள் கார் கவுன்டர். முக்கியமானது, போறதுக்கு வாங்கும்போதே திரும்பி வர்ற பஸ் டிக்கெட்டும் வாங்கிடுங்க. சனி ஞாயிறு சாயங்கால பஸ் சீக்கிரம் நிரம்பிடும், அப்போ கிராப்பும் கிடைக்காது. ஏறும்போது கிராப் ஈசியா கிடைச்சதேன்னு நம்பி இருந்தவங்க எத்தனையோ பேர் ராத்திரி கைக்குழந்தையோட தவிச்சிருக்காங்க. அவானாவுக்கு பக்கத்துலயே பிரீமியம் அவுட்லெட்னு ஒரு ஷாப்பிங் இடம் இருக்கு, 2017ல வந்தது, இறங்கி வந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்தா அங்க சுத்தலாம்.

டிக்கெட் எவ்ளோ?

விலை மாத்திட்டே இருக்காங்க, வார நாளுக்கும் லீவு நாளுக்கும் வித்தியாசம் வரும், அதனால கிளம்புற அன்னிக்கு அவங்க சைட்லயே பாத்துக்கோங்க. சாதாரண கேபின் ஒரு குடும்பத்துக்கு கட்டுப்படியாகுற விலைதான். ரிட்டர்ன் வாங்கிடுங்க, இறங்கும்போது இன்னொரு கியூ மிச்சம். அன்னிக்கு மெயின்டனன்ஸ் இருக்கான்னு அதே சைட்ல போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க.

பெட்டி எல்லாம் எடுத்துட்டு ஏறலாமா?

ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு ரெண்டு பெட்டின்னா பிரச்சனை இல்ல, கேபின் பெருசு. ஆனா ஒரு ராத்திரிதான் தங்கப் போறீங்கன்னா பெரிய பெட்டியை கேஎல் ஹோட்டல்லயே விட்டுட்டு சின்ன பையோட வாங்க.

மேல போய் என்ன பண்றது? சூதாட்ட இடமாமே, குடும்பத்தோட போகலாமா?

தாராளமா போகலாம். மலேசியாவுல சட்டப்படி கசினோ இருக்கிற ஒரே இடம் இதுதான், உண்மைதான், ஆனா அது தனி பகுதி, 21 வயசு ஆகாதவங்களையும் முஸ்லிம்களையும் உள்ள விட மாட்டாங்க. நீங்க அந்தப் பக்கம் போகாமலே நாள் பூரா சுத்தலாம். உள்ளரங்க தீம் பார்க் ஸ்கைட்ரோபோலிஸ், 2022ல வந்த திறந்தவெளி தீம் பார்க் ஸ்கைவேர்ல்ட்ஸ், மால், சினிமான்னு நிறைய இருக்கு. ஸ்கைவேர்ல்ட்ஸ்க்கு போறதா இருந்தா அன்னிக்கு வேற எதுவும் வச்சுக்காதீங்க, ஒரு நாள் பூரா அதுக்கே சரியாயிடும். வீட்டுல யாருக்காவது சூதாட்டப் பழக்கம் இருந்தா மட்டும் இந்த மலையே வேண்டாம், அதை மனசார சொல்றேன். எங்க தமிழ் குடும்பங்கள்லயே அதனால வீடு இழந்தவங்களை எனக்கு தெரியும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தேடினா கிடைக்கும், ஆனா நம்ம நாக்குக்கு ஏத்த மாதிரி வேணும்னா பத்துமலை அடிவாரத்துல இருக்கிற சைவ ஹோட்டல்ல காலைல நல்லா சாப்பிட்டு, தயிர் சாதமோ சப்பாத்தியோ பார்சல் வாங்கிட்டு ஏறுங்க. கேபின் உள்ள மட்டும் திறக்காதீங்க. டுரியான் பழம் எங்கயும் எடுத்துட்டு போகக் கூடாது, வாசனை போகவே போகாது.

அப்போ பத்துமலையும் கெந்திங்கும் ஒரே நாள்ல முடிச்சிடலாமா?

முடியும், நிறைய பேர் பண்றாங்க, பாதை ஒரே பக்கம்தான். விடியற்காலைல பத்துமலை, 272 படி ஏறி முருகனை பாத்துட்டு இறங்கி சாப்பிட்டு ஒன்பதரைக்குள்ள கிளம்பினா பதினோரு மணிக்குள்ள கேபின்ல இருக்கலாம், மேகம் வர்றதுக்கு முன்னாடி. வயசானவங்க கூட இருந்தா ரெண்டு நாளா பிரிச்சுடுங்க, படி ஏறின கால் அன்னிக்கு மாலுக்குள்ள நடக்க விடாது. தைப்பூச சமயத்துல ஒரே நாள் பிளான் போடவே போடாதீங்க, அந்த ஏரியா ரோடு எல்லாம் ஜனக்கடல்.

ராத்திரி கேபிள் கார் ஓடுமா? ஊருக்கு திரும்புற நாள்ல போகலாமா?

சாதாரண நாள்ல காலைல ஏழு மணி வாக்குல ஆரம்பிச்சு நடு ராத்திரி வரைக்கும் ஓடும். ராத்திரி இறங்கும்போது கீழ கோத்தோங் ஜெயா விளக்கு எல்லாம் தெரியும், நல்லா இருக்கும். ஆனா ஃப்ளைட் பிடிக்கிற நாள்ல மலை ஏறாதீங்க. சாயங்காலம் இடி மழை பிடிச்சு கேபிள் கார் நின்னு, பஸ் கியூவுல நின்னு, கீழ வந்து ஜாம்ல மாட்டி, கேஎல்ஐஏ ஏர்போர்ட் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு, அவானாவுல இருந்தே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். முதல் ரெண்டு நாளுக்குள்ள கெந்திங்கை வச்சுக்கோங்க, அன்னிக்கு காத்துனால ஓடலைன்னாலும் மறுநாள் திரும்பி வரலாம்.